கயிறு கொடுக்காதவன் மகள்

போன வியாழக்கிழமை மத்தியானம் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு சிலுவை போட்டேன். அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வெயில் கூசியதால் கையை நெற்றியில் வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "சாரு இருக்காகளா?" என்றாள். என்னைச் சார் என்று கூப்பிட்டு எத்தனை வருடமாயிற்று! ஐஸ் கம்பெனியில் கட்டி உடைத்தவனை யார் சார் என்பார்கள்? ஆனால் எனக்கு அந்தச் சந்தோஷம்கூட நிலைக்கவில்லை. நெற்றியில் வைத்த அந்தக் கையை எனக்குத் தெரியும். சவரியான் மகள் ஜெனோவா.

அவள் மகளுக்குப் புதுநன்மையாம். பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற அந்த நாளை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். அழைப்பிதழைக் கொடுத்துவிட்டு, மஞ்சள் பையிலிருந்து பழைய பேப்பரில் சுற்றிய ஒரு மெழுகுதிரியையும் எடுத்து வைத்தாள். பேப்பரைப் பிரித்ததும் மெழுகும் பாச்சா உருண்டையும் கலந்த ஒரு வாசம். அந்த வாசம் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பூவரச மரத்தடியில் உட்கார வைத்துவிட்டது.

புதுமடத்துக்குக் கிழக்கே கடலை ஒட்டிய கிராமம் எங்களுடையது. கோயிலுக்குப் பின்னால் மணலில் ஒரு பூவரசு நின்றது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதன் நிழலில்தான் மறைக்கல்வி வகுப்பு. எட்டாம் வகுப்போடு நின்ற என்னைப் பங்குச் சாமியார் அந்த வேலைக்குப் பிடித்துப் போட்டார். செபம் எல்லாம் மனப்பாடம், சத்தமும் பெரிய சத்தம், இந்த இரண்டுதான் என் படிப்பு. மணலில் விரலால் எழுதிப் போடுவேன். எழுத்துப் பிழையைப் பிள்ளைகள் பார்ப்பதற்குள் காற்று அழித்துவிடும். அந்த வகையில் ஆண்டவர் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறார்.

புத்தகத்தில் உள்ளதைவிட நானாகக் கண்டுபிடித்த பாடங்கள்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தை மாதம் அவித்த பனங்கிழங்கு கொண்டுபோவேன். இரண்டு பேருக்கு ஒன்று. பிளக்கிறவன், தித்திப்பான குருத்து ஒட்டியிருக்கிற பாதியை அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும். "ஏலே, கண்ண மூடிக்கிட்டுப் பொளந்தாலும் உனக்கே குருத்து வருதே, அது எப்புடிலே?" என்று கேட்டால் மரத்தடியே சிரிக்கும். ஜெனோவா ஒருத்திதான் முகம் கோணாமல் கொடுப்பாள்.

இன்னொரு பாடம், துண்டுப் பாடம். ஒரு பிள்ளையின் கண்ணைத் துண்டால் கட்டி, என் ஆள்காட்டி விரலைப் பிடிக்கச் சொல்லிக் கரையில் கூட்டிப் போவேன். கரையெல்லாம் நங்கூரமும் கயிறும் கருவேல முள்ளும் கிடக்கும். ஒன்றும் காலில் படாமல் சுற்றிக் கொண்டுவந்து விடுவேன். "கூட்டிட்டுப் போற ஆளு யாருன்னு தெரிஞ்சா, எங்கன போறோம்னு கேக்கத் தேவையில்ல. ஆண்டவர் விரல அப்படித்தான் பிடிக்கணும்" என்பேன். எல்லாப் பிள்ளையும் துண்டுக்கு அடியில் எட்டிப் பார்க்கும். அங்கேயும் அவள் ஒருத்திதான் பார்க்க மாட்டாள்.

கயிறு என்றதும் அண்ணன் ஞாபகம் வருகிறது. அண்ணனை நினைத்தால் எனக்கு வயிறு இன்றைக்கும் எரிகிறது. எங்கள் கடலில் ஒரு வழக்கம் உண்டு. இஞ்சின் நின்றுபோனால் கம்பில் துணியைக் கட்டித் தூக்குவார்கள். அதைப் பார்த்தவன் எவனானாலும், பகையாளியே ஆனாலும், கிட்டே வந்து கயிறு கொடுத்து இழுத்து வர வேண்டும். தன் மீன் அழுகினாலும் சரி. நடுக்கடலில் இஞ்சின் நின்றபோது அண்ணன் தன் சட்டையையே கழற்றிக் கட்டினான். அந்தப் பக்கமாக வந்த சவரியான் நெற்றியில் கை வைத்து நன்றாகப் பார்த்தானாம், அண்ணன் பிறகு சொன்னான். அவன் படகு நிறைய இறால். ஐஸ் உருகிக்கொண்டிருந்திருக்கும். திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

மூன்றாம் நாள் வேறு ஊர்ப் படகுக்காரர்கள் அண்ணனைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்து அவனுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. கிறிஸ்துமசுக்கு அவன் இல்லை. ஊர்க்கூட்டத்தில் சவரியான் கோயில் விளக்கைத் தொட்டு, "சத்தியமா நான் பாக்கல" என்றான். அண்ணனும் இல்லை, இரண்டு படகிலும் வேறு ஆளும் இல்லை, சாட்சிக்குக் கடலைத்தான் கூப்பிட வேண்டும். ஊர் விட்டுவிட்டது.

நான் விடவில்லை. சண்டைக்குப் போகிற தைரியம் எனக்கு இல்லை, கட்டி ஐஸை உடைத்த கைதான் என்றாலும். ஆனால் பூசையில் முழங்காலில் நின்று நான் கேட்டது ஒன்றே ஒன்று: அவன் இஞ்சின் நடுக்கடலில் நிற்க வேண்டும், அவன் சட்டையைக் கழற்றிக் கட்ட வேண்டும், ஒருத்தனும் பார்க்கக் கூடாது. நற்கருணை வாங்கிய நாக்கு காயுமுன் இதைக் கேட்பேன். பிறகு எழுந்துபோய்ப் பிள்ளைகளுக்குத் தன்னலம் கூடாது என்று பாடம் எடுப்பேன்.

அந்தத் தவக்காலத்தில்தான் எனக்கு வழி கிடைத்தது. ஜெனோவாவுக்கு ஒன்பது வயது, புதுநன்மைக்கு இருந்தாள். யார் தேறினார்கள் என்று சாமியாரிடம் நான்தான் சொல்ல வேண்டும். சவரியான் ராமநாதபுரத்தில் வெள்ளைக் கவுனும் பூமுடியும் பெரிய மெழுகுதிரியும் வாங்கி வைத்துவிட்டான், பந்தலுக்கும் சொல்லிவிட்டான். "தேறல" என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பந்தலைப் பிரித்துக்கொண்டு போகட்டும் என்று நினைத்தேன்.

சோதனை நாளன்று கேட்டதெல்லாம் அவள் சொன்னாள். ஒரு செபத்திலும் தடுக்கவில்லை. எனக்கு ஆத்திரம். புத்தகத்தை மூடிவிட்டு, மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வி கேட்டேன். "உன் படகு நிறைய றாலு. தூரத்துல ஒருத்தன் துணியக் கட்டித் தூக்குறான். நீ என்ன செய்வ?"

அவமானத்தில் அழுவாள் என்று பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து கிட்டே வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எங்க அய்யா பாத்தாக சாரு. அம்மாட்டச் சொல்லி அழுதாக. உண்ம சொன்னா ஆண்டவர் பாத்துக்கிருவாருன்னு சொன்னீகல்ல? அய்யாவ ஒண்ணும் செஞ்சிர மாட்டாருல்ல?" என்றாள்.

நீங்களே சொல்லுங்கள், அந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பிள்ளையின் தலையில் கை வைத்து, போய் உட்காரம்மா என்றிருப்பீர்கள். நான் வகுப்பை விட்டுவிட்டு அவளைக் கோயில் முற்றத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஊர்க்கூட்டம் நடந்துகொண்டிருந்தது, சவரியானும் இருந்தான். "எங்கிட்டச் சொன்னதச் சொல்லு தாயி. பயப்படாத, ஆண்டவர் இருக்காரு" என்றேன். சொன்னாள். வார்த்தை பிசகாமல், செபம் ஒப்பிக்கிற மாதிரியே சொன்னாள்.

சவரியான் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. தலை தொங்கிப்போனது. பொய்ச் சத்தியத்துக்கும் கயிறு கொடுக்காததற்கும் சேர்த்து, அவன் படகு இனி எங்கள் கரையில் ஏறக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. புதுநன்மைக்கு நாலு நாள் முன்பு சாமான்களை லாரியில் ஏற்றினார்கள். அவன் பெண்டாட்டி லாரியை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தாள். "பச்சப்புள்ள வாயக் கிண்டி எடுத்தியே, நீயெல்லாம் வேதம் சொல்லிக் குடுக்குற ஆளா? வெளங்குவியா?" என்றாள். எனக்கு அது காதில் தேனாக விழுந்தது. பொய் சொல்லுவானேன்.

நடந்ததை மதினியிடம், அண்ணன் மனைவியிடம், போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அடுப்பிலிருந்து திரும்பாமல், "அந்தப் புள்ள அழுதுச்சா?" என்று கேட்டாள். பிள்ளையை நான் பார்க்கவேயில்லை. நான் சவரியானையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுநன்மைக்கு அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் பிள்ளைகள் வந்தார்கள். செபம் சொன்னார்கள், பாட்டுப் பாடினார்கள். துண்டை எடுத்ததும் ஒருவரும் எழுந்து வரவில்லை. "நாங்க வரல சாரு" என்று ஒரு பொடிசு சொன்னது. அந்த வருடத்தோடு நான் நின்றுகொண்டேன்.

இப்போது பூவரசு இல்லை, கடல் மணலைத் தின்று வேரோடு சாய்த்துவிட்டது. வகுப்பு காங்கிரீட் கட்டடத்தில் நடக்கிறது. எல்லாப் படகிலும் செல்போன். துணி கட்டித் தூக்குவது என்றால் பிள்ளைகளுக்கு என்னவென்றே தெரியாது.

"உங்க அய்யா எப்படி இருக்காரு?" என்று ஜெனோவாவிடம் கேட்டேன்.

"இருக்காக. ரெண்டு கண்ணும் போச்சு. விரலப் பிடிச்சுத்தான் கூட்டிட்டுப் போறோம்."

பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தவனல்லவா. தேவமாதா சாட்சியாகச் சொல்கிறேன், எனக்குள் ஒருத்தன் எழுந்து நின்று கைதட்டினான். அண்ணன் செத்த அன்றைக்கு எனக்குள் வந்து உட்கார்ந்தவன், இத்தனை வருடம் கழித்தும் சாகாமல் இருக்கிறான். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும். சவரியானை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவள் மெழுகுதிரியை என் பக்கம் தள்ளினாள். மஞ்சளேறிப் போயிருந்தது, திரி நுனி வெள்ளையாகவே இருந்தது. "இது எனக்கு வாங்குனது சாரு. ஏத்தவே இல்ல. என் மகளுக்கு நீங்கதான் ஏத்திக் குடுக்கணும். அய்யா முன் பெஞ்சுல இருப்பாக."

"உனக்கு என் மேல கோவமில்லையா தாயி?"

"இருக்கு" என்றாள். "இல்லாம இருக்குமா? ஆனா குருத்துப் பாதிய அடுத்தவுகளுக்குக் குடுக்கணும்னு சொன்னது நீங்கதான? வந்துருங்க." பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நெற்றியில் கை வைத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள்.

திரி அலமாரியில் மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போவேன், ஏற்றியும் கொடுப்பேன். முன் பெஞ்சைப் பார்க்க மாட்டேன், அந்தப் பிள்ளையை மட்டும் பார்ப்பேன். ஏனென்றால் அன்றைக்கு மரத்தடியிலிருந்து கோயில் முற்றம் வரை ஜெனோவா என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டுதான் நடந்து வந்தாள். கண்ணைக் கட்டவில்லை. இருந்தும் எங்கே போகிறோம் என்று அவள் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் என் விரலை அப்படிப் பிடித்ததில்லை.