கரும்பின் மறுமுனை

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நான் திருவண்ணாமலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தேன். வருகிறவர்களுக்கு ரூம் காட்டுவது, சாவி கொடுப்பது, வெந்நீர் வரவில்லை என்று சண்டைக்கு வருபவர்களைச் சமாதானப்படுத்துவது, இதுதான் வேலை. நானும் என் மனைவியும் இரண்டு வீட்டாரையும் பகைத்துக்கொண்டு கல்யாணம் செய்துகொண்டவர்கள். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் இருந்த என் சொந்த ஊருக்கு பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். போனால் வாசலில் நிற்க வைத்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சில வருஷம் குழந்தை இல்லாமல் இருந்து, அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்ட பிறகு ஒரு பையன் பிறந்தான். அவன் தவழ ஆரம்பித்த சமயம், ஆடி மாதம், மனைவிக்கு விடாத இருமல். காச நோய் என்றார் டாக்டர். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாதக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டும், குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது, தாய்ப்பாலை உடனே நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பையனையும் சோதித்துப் பார்த்து, அவனுக்கு நோய் இல்லை என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவனை மடியில் வைத்தபடி திருவண்ணாமலைக்கு பஸ் ஏறினேன்.

எங்களோடு பேச்சு வைத்திருந்த ஒரே சொந்தம் மனைவியின் அக்கா. பெங்களூரில் இருந்தார். அவருக்குக் குழந்தை இல்லை. விஷயம் தெரிந்ததும் ஓடி வந்தார். பையன் பால் புட்டியைத் தொடவே மாட்டேன் என்று அடம்பிடித்து, விலா எலும்பு தெரிய இளைத்துக் கிடந்தான். பார்த்ததும் அழுதுவிட்டார். தானே கொண்டுபோய் வளர்ப்பதாகச் சொன்னார். நியாயமான பேச்சுதான். ஆனால் அதற்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு என் மனைவி வேறு மாதிரி சொல்லியிருந்தாள்.

"அக்கா கேக்கும். அது நல்லதுதாங்க. ஆனா புள்ளைய குடுத்துடாதீங்க. அதும் மடியில வளந்தப்புறம் திருப்பிக் கேக்க எனக்கு வாய் வராது."

இதை அந்த அக்காவிடமே எப்படிச் சொல்வது? மென்று முழுங்கி, கார்த்திகை தீபம் வரைக்கும் பார்க்கலாமே என்றேன். அப்போதும் குழந்தை இப்படியே இருந்தால் தான் தூக்கிக்கொண்டு போய்விடுவதாகவும், நான் குறுக்கே பேசக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். நானும் தலையாட்டிவிட்டேன்.

எங்கள் தெருவில் அந்த வருஷம்தான் ஒரு பால்வாடி திறந்திருந்தார்கள். ஒரு ஓட்டு வீட்டின் முன்னறை, அவ்வளவுதான். சின்னக் குழந்தைகளை எடை போட்டு, இளைத்திருக்கிற பிள்ளைகளுக்குத் தினமும் சத்துமாவு உருண்டை கொடுக்கும் திட்டம். அதை நடத்திய டீச்சர் கல்யாணமாகாத சின்னப் பெண். தொங்கும் தராசைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வருவார். எங்கள் பையனை எடை போட்டவர், இன்னொரு தரம் போட்டுப் பார்த்தார். காலையில் பால்வாடிக்குக் கொண்டுவரச் சொன்னார். அம்மா ஊரில் இல்லையே என்று இழுத்தேன். "அதனால இன்னா, நீங்க இட்டுனு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

போனேன். உள்ளே அத்தனை பேரும் பெண்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. மனைவியின் நோய் என்னவென்று தெருவுக்கே தெரியும். உருண்டையை வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று வாசலிலேயே நின்றேன். எதிர்ச் சந்தில் இட்லிக்கடை போட்டிருந்த அக்கா அங்கே கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். தன் குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு, என் பையனைக் கேட்டுக் கையை நீட்டினார். அவர் மடியில் அவனை வாங்கிப் போட்டுக்கொண்டதும் மற்றவர்கள் நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்கள்.

அந்த உருண்டை சும்மா வருவதில்லை. வறுப்பது, அரைப்பது, வெல்லம் சேர்த்துப் பிடிப்பது எல்லாவற்றையும் அந்தத் தாய்மார்களே முறை வைத்துச் செய்துகொண்டார்கள். ஆம்பிளை என்பதால் எனக்கு விலக்கு உண்டு என்று நினைத்திருந்தேன். "உன் புள்ள துன்றானா இல்லியா? அப்ப மொறைன்னா மொறைதான்" என்றார் இட்லிக்கடை அக்கா. என் முறை வந்த அன்று கேழ்வரகையும் கடலைப்பருப்பையும் ஒரே சட்டியில் கொட்டி வறுத்தேன். பருப்பு சிவப்பதற்குள் கேழ்வரகு கருகி, எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் குடத்தோடு ஓடி வந்தார். இன்னொரு நாள் உருண்டையை உடைத்துப் பாலில் கரைத்துப் புட்டியில் ஊற்றிவிட்டேன். ரப்பரில் மாவு அடைத்துக்கொண்டது. அப்போதுதான் புட்டிக்குப் பழக ஆரம்பித்திருந்த பையன் உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு அழுது ஊரையே கூட்டிவிட்டான். மறுநாள் இதைச் சொன்னதும் பால்வாடியில் சிரிப்பு அடங்கவே இல்லை. அதற்கப்புறம்தான் விரலால் கொஞ்சம் கொஞ்சமாக நாக்கில் தடவிக் கொடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நான் லாட்ஜில் இருக்கும் நேரமெல்லாம் பையன் அவர்களில் யாராவது ஒருவர் இடுப்பில் இருந்தான்.

ஐப்பசி மழையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. எதையும் விழுங்கவில்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் லாட்ஜிலிருந்து ஓடி வந்து பார்த்தால், இட்லிக்கடை அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அவனுக்குத் தன் பாலைக் கொடுத்துக்கொண்டிருந்தார். மடக் மடக்கென்று அவன் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் தெருவுக்கு வந்து நின்று அழுதேன். சாதியைச் சொல்லித்தான் இரண்டு வீட்டாரும் எங்களைத் தள்ளி வைத்தார்கள். நாங்கள் என்ன சாதி என்று அந்த அக்கா கேட்டதே இல்லை. அவர் என்ன சாதி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கார்த்திகை வந்தது. டீச்சர் எடை ஏறிக்கொண்டே வருகிறது என்றார். தினமும் பார்க்கிற என் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தீபத் திருவிழாத் தேருக்கு முதல் நாள் பெங்களூர் அக்கா தன் வீட்டுக்காரரோடு வந்து இறங்கினார். பையனை உற்றுப் பார்த்தார். வேண்டுதல் என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டார்.

எங்கள் ஊரில், வேண்டிப் பெற்ற குழந்தையைத் தீபத் திருவிழாவில் கரும்புத் தொட்டிலில் போட்டு மாடவீதி சுற்றுவார்கள். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் புடவையைத் தொட்டிலாக்கி, ஒரு முனையை அப்பாவும் மறுமுனையை அம்மாவும் தோளில் வைத்து நடப்பார்கள். என் மனைவி வேண்டிக்கொண்டது அதைத்தான். தங்கைதான் இல்லையே, தானும் தன் வீட்டுக்காரருமாகத் தூக்கிவிடுவதாகப் பெங்களூர் அக்கா சொன்னார். கள்ளமில்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் சம்மதமில்லை. தொட்டிலைத் தூக்குகிறவர்களைத்தான் ஊர் பெற்றவர்களாகப் பார்க்கும். சாமியும் அப்படித்தான் பார்க்கும் என்று தோன்றியது. அவர்கள் இருவரும் தூக்கிச் சுற்றி வந்துவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு பிள்ளையை எங்களிடமே வைத்துக்கொள்வது?

பால்வாடிக்குப் போய்ப் புலம்பினேன். பெண்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் இட்லிக்கடை அக்காவே வீட்டுக்கு வந்து, பெங்களூர் அக்கா எதிரில் உட்கார்ந்தார்.

"ஒரு மொனைய அப்பா எடுக்கட்டும்மா. இன்னொரு மொனைய நாங்க ஆளுக்குக் கொஞ்ச தூரம் மாத்தி மாத்தி எடுத்துனு வரோம். நீங்களும் ஒரு கை குடுங்க."

பெங்களூர் அக்கா சரி என்றார்.

மறுநாள் லாட்ஜில் மூச்சுவிட நேரமில்லாத கூட்டம். எனக்குப் பதிலாகப் பெங்களூர் அக்காவின் வீட்டுக்காரர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, ரூம் இல்லை என்பதைத் தமிழிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் மனைவியின் புடவையில் பையனைப் போட்டுக்கொண்டு தேரடித் தெருவில் கிளம்பினோம். முதலில் இட்லிக்கடை அக்கா. அப்புறம் ஒவ்வொருவராக. தானும் தூக்கலாமா என்று வெட்கப்பட்டுக் கேட்டு டீச்சரும் கொஞ்ச தூரம் தூக்கினார். மறுமுனையில் ஆள் மாறிக்கொண்டே வருவதைப் பார்த்து, பக்கத்தில் இன்னொரு தொட்டிலோடு வந்தவர் இதில் அம்மா யார் என்று கேட்டேவிட்டார். "அவ ஆஸ்பத்திரில இருக்கா. வர்ற வரிக்கும் நாங்கதான்" என்றார் இட்லிக்கடை அக்கா, நடையை நிறுத்தாமலே.

பே கோபுரத் தெருவில் பெங்களூர் அக்காவின் முறை. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் நடை தயங்கியது. திரும்பினேன். அவர் கரும்பை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"கனமாத்தான் இருக்கான்" என்றார்.

தெருமுனை திரும்பியதும் அடுத்த பெண் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. வடக்குத் தெரு முழுக்கத் தானே தூக்கி வந்தார். அப்புறம் யாரும் முறை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பையனை மடியில் போட்டு, அவன் காலைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எழுந்து அவனை என் கையில் கொடுத்தார்.

"இத்தினி பேரு இருக்கற எடத்துலேர்ந்து இவன நான் எங்க இட்டுனு போறது? இங்கியே இருக்கட்டும்."

தை மாதம் மனைவி குணமாகி வந்தாள். பையனுக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. வீறிட்டு அழுது, இட்லிக்கடை அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். எதற்குப் பயந்தோமோ அதுவே நடந்துவிட்டதே என்று எனக்கு உயிரே போய்விட்டது. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அழட்டும் வுடுங்க. ஓடிப்போயி அழறதுக்கு ஒரு மடி இருந்துதே, அது போதும்" என்றாள். சில நாளில் அவளிடம் ஒட்டிக்கொண்டான். மாவு வறுக்கும் முறையையும் அவளே எடுத்துக்கொண்டாள். அதில் எனக்கு நிம்மதி, பால்வாடிக்கு அதைவிட நிம்மதி.

அந்தப் பையனுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒண்டி ஆளாக அத்தனை மாதம் எப்படிச் சமாளித்தாய் என்று இன்றும் சிலர் என்னை மெச்சிக் கேட்பதுண்டு. நான் ஒரு நாள்கூட ஒண்டி ஆளாக இல்லை என்பதைத்தான் அவர்களுக்குப் பதிலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.