லைனிங் குடித்த விளக்கெண்ணெய்

எங்கள் ஜீப்பின் பிரேக்கைக் கெடுத்தது என் மாமா இல்லை, நான்தான். சொல்லியிருக்க வேண்டிய காலத்தில் இதை நான் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டிய மூன்று பேரில் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை.

போன மாதம் அஸ்தம்பட்டி வீட்டு வாசலில் பேரன் தன் ஜீப்புக்குப் புது பிரேக் பேடு மாட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லும் சேறுமான பாதைகளைத் தேடிப்போய் ஓட்டுகிற வண்டி. உலோகத்தூள் கலந்தது நல்லதா, பீங்கான் கலந்தது நல்லதா என்று மூன்று நாள் கைபேசியைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொண்டு ஒன்றை வாங்கியிருந்தான். எடுத்துப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். "தாத்தா, தலைக்கு எண்ணெ வெச்ச கையோட தொடாதீங்க. எண்ணெ பட்டா பேடு போச்சு" என்றான். கையை இழுத்துக்கொண்டேன். அரை நூற்றாண்டுக்கு மேல் தாமதமாக வந்த எச்சரிக்கை அது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சேந்தமங்கலத்தில் இருந்தோம். அப்பா கொல்லிமலையிலிருந்து மிளகும் வாழைத்தாரும் இறக்கிச் சந்தைக்கு அனுப்புகிறவர். அதற்காகவே ஏலத்தில் எடுத்த பழைய பட்டாளத்து ஜீப் ஒன்றை வைத்திருந்தார். மலையில் தோட்டங்களுக்குப் போகிற மண்பாதைகளில் வேறு எந்த வண்டியும் ஏறாது, அது ஏறும். இறங்குவதில்தான் சிக்கல். அதன் பிரேக் தேய்ந்துபோய், இரும்போடு இரும்பு உரசிக் கத்த ஆரம்பித்திருந்தது.

அம்மாவின் தம்பியான என் மாமா, நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் நான்கு வருடம் வேலை பழகிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சொந்தமாகப் பட்டறை வைக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நினைப்பு. ரோட்டைப் பார்த்தபடி எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. சாக்குகள் அடுக்கி வைக்கிற இடம். அதைக் கேட்டார். அப்பா உடனே இல்லையென்று சொல்லவில்லை.

"மொதல்ல நம்ம ஜீப்புக்குப் பிரேக்கை மாத்திக் காட்டு மாப்ளே. மலை ஏறி எறங்கிட்டு வந்து சொல்றேன். சரியா இருந்துச்சுன்னா கொட்டாய் உனக்கு."

அந்த ஜீப்பில் இப்போதிருக்கும் பேடுகள் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் பிறை வடிவத்தில் இரண்டு இரும்புகள் இருக்கும். அவற்றின் முதுகில் ரிவிட் அடித்த பட்டைக்கு லைனிங் என்று பெயர். மிதித்தால் இரும்புகள் விரிந்து, அந்தப் பட்டை சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்மைப் பிடித்து நிறுத்தும். மாமா நாமக்கல் கடையிலிருந்து இரண்டு வகை லைனிங்கில் மாதிரி கொண்டுவந்தார். அப்பா இரண்டிலும் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். ஒன்றில் தடம் விழுந்தது, மற்றதில் விழவில்லை.

"மெத்துன்னு இருக்கறதுதானே மாப்ளே நல்லாப் புடிக்கும்?"

"மொதல்ல புடிக்குமுங்க மச்சான். எறக்கத்துல சூடேறுச்சுன்னா வழுக்கும். சேத்துல ஓட்டுனா சீக்கிரமாத் தேஞ்சும் போயிரும். இது கெட்டி. கொஞ்சம் அழுத்தி மிதிக்கோணும், ஆனா மலையில கை உடாது."

"என்ற காலுக்கு வயசாச்சே."

"எங்கக்கா போடற சோத்துக்கு மிதிக்கலாமுங்க."

"என்ற சோத்தை ஏன்டா இழுக்கறே?" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

எனக்குத் தலை சுற்றியது. மெத்தென்று இருப்பது பிடிக்குமா, வழுக்குமா? இரண்டு பேரும் நேர்மாறாகப் பேசினார்கள். இரண்டும் உண்மை போலவே இருந்தது. நானும் நகத்தை அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் மாமா சொன்ன கெட்டி லைனிங்தான் வந்தது. பழைய பட்டைகளைப் பெயர்த்துவிட்டு, எட்டு இரும்புகளிலும் புதியதை வைத்து மாமா வீட்டிலேயே ரிவிட் அடித்தார். அடித்து முடித்த நாள் ஆயுத பூசை.

எங்கள் வீட்டில் அன்றைக்கு இரும்புச் சாமான் எதுவும் காய்ந்த உடம்போடு சாமி முன்னால் போகக்கூடாது. துடைத்து, விளக்கெண்ணெய் பூசிப் பளபளப்பாக்கிய பிறகுதான் சந்தனமும் குங்குமமும். அம்மா ஒரு கிண்ணத்தில் எண்ணெயும் கிழிந்த வேட்டித் துணியும் கொடுத்து, "ஒண்ணு பாக்கியில்லாம எண்ணெ போட்டு வை சாமி" என்று சொல்லிவிட்டுப் பொரி கடலை பார்க்கப் போய்விட்டாள். மாமா ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை, மாமாவின் ஸ்பானர்கள் எல்லாவற்றுக்கும் போட்டேன். பிறகு வரிசையில் அந்த எட்டுப் பிறைகள். இரும்புப் பக்கம் ஒரே தேய்ப்பில் மின்னியது. லைனிங் பக்கம் மின்னவில்லை. எண்ணெயைக் குடித்துவிட்டு முன்போலவே மங்கலாக இருந்தது. விட்டுவிட்டால் பூசையில் குறை வந்துவிடும் என்று நினைத்தேன். மறுபடி பூசினேன். அதையும் குடித்தது. கிண்ணம் காலியாகும் வரை எட்டுக்கும் ஊட்டினேன். அன்றைக்கு அந்த வீட்டில் என்னைப் போல் பக்தியோடு வேலை செய்தவர் யாரும் இல்லை.

பூசையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரை தொடமாட்டார்கள். காலையில் மாமா குளித்துவிட்டு வந்து, சாமியைக் கும்பிட்டு, பொட்டுகளை ஈரத்துணியால் துடைத்தார். எண்ணெய் முழுக்க உள்ளே இறங்கிவிட்டிருந்தது. "பாருங்க மச்சான், சரக்கு கருகருன்னு என்னமா இருக்குது" என்று அப்பாவிடம் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. மாட்டுவதற்கு முன்பு அவர் மண்ணெண்ணெயில் கை கழுவி, பிறகு சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியதையும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மதியம் என்னை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துக் காரவள்ளி வரை ஓட்டிப்பார்த்தார். வண்டி நின்றது, ஆனால் அவர் நினைத்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றது. மறுபடி மிதித்துப் பார்த்தார். "புதுசுல்ல சாமி. டிரம்மோட பழகோணும்" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத் தானே சொன்னாரா தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அப்பா மலைக்குப் போனார். சாயங்காலம் யாருடைய லாரியிலோ, இடது கையைத் துண்டால் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். இறக்கத்தில் நாலாவது திருப்பத்திலேயே பிரேக் வழுக்க ஆரம்பித்ததாம். சக்கரங்களிலிருந்து புகை. இரண்டு காலாலும் மிதித்திருக்கிறார். பள்ளத்தில் விழாமல் இருக்க, மலைச் சரிவுப் பக்கமாக வளைத்து மண்மேட்டில் மோதி நிறுத்தியிருக்கிறார். தோள் எலும்பு முறிந்துவிட்டது.

ஜீப்பைக் கட்டி இழுத்துவந்து வாசலில் விட்டார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க, மாமா சக்கரத்தைக் கழற்றினார். அம்மா நிலைப்படியில் நின்றாள். டிரம்மை உருவியதும் கருகின வாடை அடித்தது. லைனிங் கண்ணாடிபோல மின்னியது. நான் அன்றைக்கு எவ்வளவு தேய்த்தும் வராத மினுமினுப்பு.

அப்பா விரலை வைத்துப் பார்த்து, "என்ன மாப்ளே இது, எண்ணெ? எண்ணெ பட்ட லைனிங் எப்படிப் புடிக்கும்?" என்றார்.

எண்ணெய் போட்டால் பிடிக்காதா? அப்படியானால் ஏன் என்னைப் போடச் சொன்னார்கள்?

பிரேக் ஆயில் கசிந்திருக்குமோ என்று மாமா அந்த ஆயிலை அடைத்து நிறுத்துகிற ரப்பர்களைப் பார்த்தார். காய்ந்து சுத்தமாக இருந்தன. அடுத்த சக்கரம், அதற்கடுத்தது என்று நான்கையும் கழற்றினார். நான்கிலும் அதே மினுமினுப்பு. அவர் விரலை மூக்குக்கருகே கொண்டுபோனார். மறுபடி முகர்ந்தார். பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"என்ற கைதானுங்க மச்சான். கிரீஸ் கையைத் தொடைக்காம மாட்டிப்போட்டேன்."

எனக்குக் குழம்பிவிட்டது. மூன்று முறை கழுவிய கையில் கிரீஸ் எங்கிருந்து வந்தது? ஆனால் பட்டறையில் வேலை பழகியவர், அவரே சொல்கிறார். அப்படியானால் நான் போட்ட எண்ணெய் காலையிலேயே காய்ந்துபோயிருக்கும், இது வேறு எண்ணெயாக இருக்கும் என்று தீர்மானித்துக்கொண்டேன். அந்தத் தீர்மானம் எவ்வளவு வசதியானது என்பது தெரிந்துதான் அதைப் பிடித்துக்கொண்டேன். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"எட்டு லைனிங்குலயுமா?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாங்க."

"ஒரு சக்கரம்னா கை தப்புனது. நாலு சக்கரமும்னா அது வேலையே இல்ல மாப்ளே." அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். கொட்டகையைப் பற்றி அதற்குப் பிறகு யாருமே பேசவில்லை.

அம்மா விடவில்லை. "நாலு வருசம் தொழில் கத்துக்கிட்ட லட்சணம் இதுதானாடா? என்ற புருசனைக் கொல்லப் பாத்தியே." மாமா தலை நிமிராமல் நட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார்.

பின்னாளில் நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியரானேன். முப்பது வருடம் உராய்வைப் பற்றிப் பாடம் நடத்தினேன். எண்ணெய் பட்டால் பிரேக் ஏன் பிடிக்காது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன். வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தம்பிக்குக் கை சுத்தம் போதாது என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பேன். மாமா கடைசிவரை ஊராரின் லாரிகளைத்தான் ஓட்டினார்.

அவர் முதன்முதலாக வடக்கே கிளம்பியது அந்த வாரக் கடைசியில். லாரியில் கிளீனராகப் போனார். வண்டி எங்கள் வீட்டெதிரில் நின்றது. அப்பா வெளியே வரவில்லை. உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். அம்மா கோபமெல்லாம் வடிந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு நின்றாள். நான் அவள் பக்கத்தில். மாமா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ஒண்ணு சொன்னா மனசுல வெச்சுக்காதே. இனிமேப் பூசைக்கு பிரேக் சாமானுக்கு மட்டும் எண்ணெ போடாதே. பொட்டோட உட்டுரு."

"நான் எங்கடா போட்டேன்? பொட்டு வெச்சதோட சரி. எண்ணெ போட்டது பூராவும் இவன்தான். எத்தனை பொறுப்பா ஒக்காந்து தேச்சான் தெரியுமா?" என்று அம்மா என் தோளில் கை வைத்தாள். "ஏன், அதுக்கு இப்ப என்ன?"

மாமா என்னைப் பார்த்தார். லாரிக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

"ஒண்ணுமில்லக்கா. சும்மா சொன்னேன்."

என் தலையில் கை வைத்து, "நல்லாப் படி சாமி" என்றார். திறந்திருந்த கதவு வழியாக அப்பாவின் கட்டில் தெரிந்தது. அங்கிருந்து இருபது அடி இருக்கும். உள்ளே போய் நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் கொட்டகை அவருடையது. அவர் அந்தப் பக்கம் போகாமல் ஏன் லாரிப் பக்கம் போனார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. வடக்கே ஊர்களைப் பார்க்க அவருக்கு ரொம்ப ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, லாரி கண்ணுக்கு மறையும் வரை உற்சாகமாகக் கையாட்டினேன்.