அத்தையின் விசில்

ஈரமான படுக்கை விரிப்பின் முனைகளைப் பிடித்து உதறுவதற்கு முன்னால் அத்தை ஒருமுறை நாக்கு நுனியால் உதட்டைத் தடவிக்கொள்வார். தாடை கொஞ்சம் முன்னால் வரும். பார்வை, நீராவிக் குழாய்கள் ஓடும் கூரைக்குப் போகும். பிறகு விரிப்பு ரோலருக்குள் நுழையும். அதோடு விசிலும் கிளம்பும்.

பெரிய சலவை நிலையம் அது. விடுதிகளும் மருத்துவமனைகளும் அனுப்பும் அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். நான் முன்கூடத்தில் மூட்டைகளுக்கு அடையாளச் சீட்டு கட்டுகிறவன். அப்பாவின் தங்கையான அத்தை உள்ளே ரோலரில். சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்தால், விரிப்பு மறுபக்கம் காய்ந்து தட்டையாக வெளியே வரும். ஒரு பக்கத்தை அத்தை பிடிக்க, மறுபக்கத்தை இன்னொரு அம்மாள் பிடிப்பார். வாய் ஓயாது என்பதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். இயந்திரங்களின் இரைச்சலில் அத்தையின் விசிலைக் கேட்கக் கொடுத்துவைத்தவர் ரேடியோ ஒருவர்தான். ஒரு விரிப்பின் அகலம்தான் இருவருக்கும் நடுவில்.

அத்தை அடிப்பதெல்லாம் ஒரே மனிதரின் பாட்டுகள். ரசிகர்கள் நாங்கள் அவரை ‘நம்ம ஆளு’ என்போம். எழுதுவார், மெட்டுப் போடுவார், பாடுவார். அக்கார்டியன், கிடார், டிரம்ஸ் என்று எதைக் கையில் எடுத்தாலும் அது அவருக்கென்றே செய்ததுபோல் இருக்கும். இசைத்தட்டு உறைக்குப் படம் வரைந்ததும் அவரே. ஒரு ஆளுக்குள் இத்தனை பேர் எப்படிக் குடியிருந்தார்கள் என்று நான் வாயைப் பிளந்ததுண்டு. அத்தைக்கு அதெல்லாம் பெரிதில்லை.

“கையால வாசிக்க ஆயிரம் பேர் இருக்கான்டா. வெறும் வாயை வெச்சுக்கிட்டு இப்படிப் பண்ண யார் இருக்கா?”

அத்தை சொன்னது நம்ம ஆளுவின் படகுப் பாட்டை. நடுவில் வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்துவிடும். விசில் மட்டும் துணையில்லாமல் மேலே ஏறும், உடைந்துவிடப் போகிறது என்று தோன்றும் இடத்தில் நடுங்கும், பிறகு எதுவும் நடக்காததுபோல் இறங்கிவரும்.

நம்ம ஆளு இறந்த செய்தி மதிய இடைவேளையில் யாரோ ஒருவரின் கைப்பேசியில் வந்தது. ரோலர் நின்றிருந்தது. அத்தை அழவில்லை. உதட்டைக் குவித்தார். காற்று மட்டும் வந்தது. மறுபடியும் குவித்தார். மறுபடியும் காற்று. முந்தின மாதம்தான் முன்பற்களை எடுத்துவிட்டுப் பல் செட் கட்டியிருந்தார்; அதற்குப் பிறகு விசிலடித்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஊதினால் செட் தளர்ந்து முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது.

“என்னடி, டயர்ல காத்து போற மாதிரி இருக்கு?” என்றார் ரேடியோ.

வேறொரு நாளாக இருந்தால் ரேடியோவுக்குச் சுடச்சுடப் பதில் கிடைத்திருக்கும். அன்று அத்தை எழுந்துபோய் ரோலரைப் போட்டார். இடைவேளை முடிந்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரசிகர்கள் ஒரு கூடத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். நம்ம ஆளோடு கடைசிவரை வாசித்த டிரம்ஸ்காரர் தன் ஆட்களோடு வருவதாக இருந்தது. விசிலுக்கு ஆள் இல்லாததால் படகுப் பாட்டு மட்டும் வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. இதைக் கேள்விப்பட்ட ரேடியோ சும்மா இருப்பாரா? நேரே போய் அத்தையின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

“யாரைக் கேட்டுடி கொடுத்தே?”

“உன்னைக் கேட்டா வேணாம்பே. அதான் கேக்கல.”

“வாயில பல்லா இருக்கு? பிளாஸ்டிக்குடி. விசில் வரல.”

“கழட்டி வெச்சுட்டு அடி.”

“வெறும் ஈறுல காத்து எங்க நிக்கும்? போய்ப் பேரை எடுத்துட்டு வா.”

“எடுத்துடறேன். எனக்கென்ன. அன்னிக்கு அந்தப் பாட்டு கிடையாது, அவ்ளோதான்.”

அத்தை விரிப்பை உதறினார். பெயரை எடுக்கச் சொல்லி அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்த வாரம் மூட்டை எடுக்கும் சாக்கில் நான் அடிக்கடி உள்ளே போனேன். காற்று, எச்சில், மறுபடியும் காற்று. ஒருமுறை செட் துள்ளி விரிப்பின்மேல் விழுந்து ரோலரை நோக்கிப் போக, ரேடியோ பாய்ந்து பிடித்தார்.

“கொஞ்சம் விட்டிருந்தா இஸ்திரி போட்ட பல்லுதான்டி உனக்கு!”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்து மூச்சுக்குத் தவித்து அத்தை காற்றை உள்ளே இழுத்தபோதுதான் அது வந்தது, நூலிழை மாதிரி ஒரு சத்தம். அத்தையின் கை அப்படியே நின்றுவிட்டது. மறுபடியும் இழுத்தார். ஊதும்போது தள்ளிக்கொண்டு வந்த செட், இழுக்கும்போது ஈறோடு கவ்விக்கொண்டு அசையாமல் நின்றது. கைவிட்ட விரிப்பு ரோலருக்குள் கோணலாகச் சுருட்டிக்கொண்டு போக, மேற்பார்வையாளர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். அத்தைக்கு எதுவும் காதில் விழவில்லை.

இத்தனை வருஷப் பழக்கத்தைத் தலைகீழாக்க அவருக்கு மிச்சமிருந்தது சில நாட்கள்தான். வீட்டில் அப்பா, “இந்த வயசுல மேடையேறி விசிலடிச்சா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?” என்றார்.

“சிரிக்கட்டும் அண்ணா. புதுப் பல் கட்டியிருக்கேன், நானும் கூடச் சிரிக்கறேன்.”

கூடம் நிரம்பி, படிக்கட்டிலும் ஆட்கள் நின்றார்கள். சுவர் முழுக்க நம்ம ஆளு வரைந்த படங்கள். பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. படகுப் பாட்டின்போது அத்தை வேலைக்குப் போடும் அதே செருப்போடு மேடையேறி மைக்கின் முன்னால் நின்றார். கிடார் நின்றது. அக்கார்டியன் நின்றது. டிரம்ஸ்காரர் குச்சிகளைத் தூக்கியபடி நிறுத்தினார்.

அத்தை உதட்டைத் தடவிக்கொண்டார். கூரையைப் பார்த்தார்.

அந்தச் சத்தம் எங்கிருந்தோ புறப்பட்டு அவரை நோக்கி வருவதுபோல் இருந்தது. கூடத்திலிருந்த காற்றையெல்லாம் ஒரு சின்ன வாய் பாட்டாகக் குடித்துக்கொண்டிருந்தது. நம்ம ஆளு மூச்சு வாங்கிய இடங்களில் அத்தை மூச்சை விட்டார். ஏறினார். நடுங்கும் இடம் வந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், முன்பின் தெரியாதவர், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நடுங்கியது, உடையவில்லை. இறங்கிவந்தது.

அதோடு மற்ற வாத்தியங்கள் சேர வேண்டும். ஒன்றும் சேரவில்லை. டிரம்ஸ்காரர் தூக்கிய குச்சிகளை மறந்துபோய் உட்கார்ந்திருந்தார். விரிப்பின் மறுமுனையை எடுக்காத ஆளைப் பார்ப்பதுபோல் அத்தை திரும்பிப் பார்த்தார்.

“ம், பிடிங்க” என்றார், மைக்கிலேயே.

கூடம் சிரித்தது. சிரிப்பு முடிவதற்குள் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். பாட்டு நடந்தது.

சில வாரங்கள் கழித்து டிரம்ஸ்காரர் எங்கள் முன்கூடத்துக்கு வந்தார். அத்தை எப்படி மூச்சை வைத்துக்கொள்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். தெரிந்தவரை சொன்னேன், பல் செட்டையும், ஊதாமல் உள்ளே இழுப்பதையும் சேர்த்து. அவர் மூட்டைகளின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அவருக்கும் செட்டுதான் தம்பி. வெளியில யாருக்கும் தெரியாது. மத்தது எல்லாத்தையும் கடைசிவரைக்கும் பண்ணினார். விசில் மட்டும் போயிடுச்சு. வருஷக்கணக்கா ஊதி ஊதிப் பாத்துட்டு விட்டுட்டார்.”