சல்லடை அக்காவின் வெளிநடப்பு

பூச்சியியல் ஆய்விதழின் பதிப்பாசிரியருக்குச் ‘சல்லடை அக்கா’ என்று பெயர் சூட்டியவர் யாரென்று தெரியவில்லை. கட்டுரை திரும்பி வந்த எண்ணற்றோருள் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். பெயர் உரியவரின் செவிக்கும் எட்டிற்று. “முறம்னு சொல்லாம விட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்” என்று சிரித்துவிட்டு அடுத்த கட்டுரையைக் கையிலெடுத்தார்.

தும்பியின் சிறகு நரம்புகளை ஆராய்ந்து முதுகலை முடித்தவர். மகப்பேற்று விடுப்பில் சென்ற ஒருவருக்கு மாற்றாகத்தான் இவ்விதழுக்கு வந்தார். விடுப்பில் போனவர் திரும்பவில்லை, வந்தவர் போகவில்லை. அறிவியல் கட்டடத்து மேல்மாடிக் கோடியறையே அலுவலகம். எதிரெதிரே இரண்டு மேசைகள், சூடேறினால் முனகும் அச்சுப்பொறி, மூடி பொருந்தாத மின்கெண்டி. வெளியே நீண்ட நடை. அதன் சுவரோரம் ஊசி குத்திய வண்டுகள் உறங்கும் கண்ணாடிப் பேழைகள். எங்கும் அந்துருண்டை மணம்.

அவ்வறைக்கென ஒரு வழக்கம் உண்டு. பதிப்பாசிரியரின் உறவினரோ நண்பரோ பழைய மாணவரோ எழுதிய கட்டுரை வந்தால், அவர் அதைத் தொடமாட்டார். அதைப்பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து நடைக்குப் போய்விட வேண்டும். இதற்கு ‘வெளிநடப்பு’ என்று பெயர். பூச்சியுலகம் சிறிது, அக்காவுக்கோ பழக்கம் பெரிது. ஆதலால் நடையிலிருந்த வண்டுகள் அனைத்தும் அவருக்கு முகப் பழக்கமாயின.

“உங்க சொந்தபந்தம் எல்லாம் எழுதுறதை நிறுத்தினாத்தான் உங்க நாற்காலி கொஞ்சமாவது தேயும் மேடம்” என்பார் எதிர் மேசை இணையாசிரியர்.

“நீங்க கவலைப்படாதீங்க சார். உங்க மாமனார் எழுத ஆரம்பிக்கட்டும், அப்ப வண்டெல்லாம் உங்களுக்குத்தான்.”

அக்காவின் உடன்பிறந்த தம்பி கல்லூரியொன்றில் விரிவுரையாளன். மூங்கிலைத் துளைத்துக் கூடமைக்கும் தச்சுத் தேனீக்களே அவன் உயிர். இணைப்பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் நெருங்கியிருந்தது. அதற்குள் ஒரு கட்டுரையேனும் ஏற்கப்பட்டிருந்தால் பதவி உறுதி. தேனீக் கட்டுரையை அக்காவின் இதழுக்கே அனுப்பினான். அக்கா வெளிநடப்புச் செய்தார், இணையாசிரியர் பொறுப்பேற்றார். அதுவரை எல்லாம் முறைப்படியே நடந்தது.

மதிப்பீட்டுக்காக அக்கட்டுரை ‘எறும்பு ஐயா’ எனப்பட்ட மூத்த ஆய்வாளரிடம் சென்றது. எறும்பைப் பற்றி அவரறியாதது எறும்புக்கே தெரியாது என்பது பேச்சு. எழுதியவர் பெயர் மதிப்பீட்டாளருக்குக் காட்டப்படாது. எனவே, இது இன்னாருடையது என்பதை அறியாமல், பழகிய தோஷத்தால் இணையாசிரியரை விட்டு அக்காவையே தொலைபேசியில் அழைத்தார்.

“அம்மா, ஒரு சந்தேகம். உங்க தச்சுத் தேனீயைப் போன வாரமே வேறொரு இதழ் எனக்கு அனுப்பிச்சுது. அச்சு அசல் இதேதான். அங்க நல்லாப் பாராட்டி எழுதிட்டேன். இங்கயும் அதையே பாராட்டவா, இல்ல வேற மாதிரி பாராட்டணுமா?”

அக்காவின் கை தேநீர்க் கோப்பையோடு அந்தரத்தில் நின்றது. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது அறிஞருலகில் பெருங்குற்றம். ஊதியமின்றிப் படித்துத் தருவோரின் உழைப்பு வீணாகும். இரண்டிலும் வெளிவந்துவிட்டாலோ, ஒரே சாட்சி வேட்டி மாற்றிக்கொண்டு வந்து இரண்டாம் சாட்சியாய் நின்றதற்கு ஒப்பாகும்.

“ஐயா, இதை நான் கேட்கவே கூடாது. போனை வெச்சுட்டு மறுபடி கூப்பிடுங்க. நான் எடுக்க மாட்டேன்.”

“எடுக்க மாட்டீங்களா? அப்புறம் எதுக்கும்மா கூப்பிடணும்?”

“எதிர்ல ஒருத்தர் இருக்கார் ஐயா, அவர் எடுப்பார்.”

மணி மீண்டும் ஒலித்தது. இணையாசிரியர் எடுத்தார். அக்கா நடைக்குப் போய்ப் பொன்வண்டொன்றை முன்பின் பாராதவர்போல் உற்று நோக்கி நின்றார்.

அன்று மாலை தம்பி வீட்டுக்கு வந்தான். இணையாசிரியர் விளக்கம் கேட்டு எழுதும் கடிதம் மறுநாள்தான் போகும். இப்போது ஒரு சொல் காதில் போட்டால் போதும். இரவோடிரவாக ஓரிடத்தில் திரும்பப் பெற்றுக்கொள்வான், குற்றச்சாட்டு எழுமுன் விஷயம் முடிந்துவிடும், பதவியும் கைகூடும். அந்த ஒரு சொல் அக்காவின் நாவிலேயே இருந்தது.

“என்னக்கா, நம்ம தேனீ என்ன சொல்லுது?”

“அதைப்பத்தி என்கிட்ட கேட்காத. இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?”

“பெத்த பிள்ளைங்க ரெண்டும் வக்கீல் மாதிரி பேசுதுங்க” என்றார் அம்மா. “கூடப்பிறந்தவனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னா உன் வாய் தேஞ்சிடுமாடி?”

சொல்லியிருந்தால் தேய்ந்திராது; அதனாலேயே அன்று அதை மூடி வைப்பது பெரும்பாடாயிற்று. தம்பி இருமுறை சோறு வாங்கி உண்டான். இருமுறையும் அக்காவே பரிமாறினார்.

மறுநாள் கடிதம் கண்ட தம்பி கொதித்தெழுந்து அழைத்தான். “நேத்தே உனக்குத் தெரியும்ல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே திருப்பி வாங்கியிருப்பேனே!”

“‘வேறெங்கும் அனுப்பவில்லை’ன்னு கட்டத்துல டிக் அடிச்சியே, அப்ப யார்கிட்ட கேட்ட?”

“அதை எல்லாரும் படிக்காமத்தான் அடிக்கிறாங்க!”

“உன் கட்டுரையையும் அப்படியே படிக்காம முடிவு பண்ணினா உனக்குச் சம்மதமா?”

“அக்கா இல்லாதவங்க எத்தனை பேர் எங்களுக்கு எழுதுறாங்க” என்று தொடர்ந்தார் அக்கா, குரல் சற்றே இளக. “அவங்களுக்கு யாருடா முதல் நாளே வந்து சொல்லுவாங்க?”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஆயினும் தம்பி அன்றே இரு இதழ்களுக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினான். இரண்டும் கட்டுரையைத் திருப்பின. பதவி, அவனோடு போட்டியிட்ட குளவி ஆய்வாளருக்குப் போயிற்று. பின்பு நெடுநாள் அவன் பேச்செல்லாம் அம்மா வழியாகவே வந்தது. “அந்தச் சல்லடைகிட்ட என் குடையைக் கொடுத்தனுப்பச் சொல்லுங்க.” குடை போயிற்று; நன்றி வரவில்லை.

மழைக்காலம் கழிந்து ஒரு பிற்பகல் அவனே அழைத்தான். முகமனும் இல்லை, முன்னுரையும் இல்லை.

“அக்கா, ஒரு இதழ்லேருந்து மதிப்பீட்டுக்குக் கட்டுரை வந்திருக்கு. பேரு இல்ல. ஆனா குளவியைப் பத்தி இப்படி வளவளன்னு எழுத ஒரே ஒரு ஆளாலதான் முடியும்.”

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். “சரி. என்ன பண்ணப் போற?”

“கிழிச்சுத் தொங்கவிடலாம்னு கை ஊறுது. அதனாலதான், ‘நான் பார்க்கக் கூடாது, வேற ஆள் பாருங்க’ன்னு இப்பத்தான் எழுதிப் போட்டேன். வெளிநடப்பு.”

“இப்ப எங்க நிக்கிற?”

“எங்க வராந்தாவுலதான்.”

“அங்க வண்டு இருக்கா?”

“வண்டு எங்க இருக்கு? ஓட்டைக் குடிதண்ணி டிரம் ஒண்ணுதான் இருக்கு.”

“பரவாயில்ல, அதையே பார்த்துக்கிட்டு நில்லு. ஞாயித்துக்கிழமை சாப்பிட வா.”

“வரேன். ஆனா தேனீயைப் பத்தி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.”

“கேட்டாலும் சோறுதான்டா கிடைக்கும்” என்றார் சல்லடை அக்கா.