பக்கத்து இருக்கையில் தூங்கியவர்

காரைக்குடி தியேட்டரில் என் பக்கத்து இருக்கைக்காரருக்குப் பெரிய மீசை. விளக்கு அணைந்ததுமே தூங்கிவிட்டார். குறட்டைக்கு மீசை ஏறி இறங்கியது. திரையில் அந்த அளவுக்குக்கூட எதுவும் நடக்கவில்லை.

இடைவேளையில் விழித்து, "கதை எதுவரைக்கும் வந்துருக்கு?" என்று கேட்டார். சொல்வதற்குக் கதை இல்லாததால், கதாநாயகன் யானைமேல் ஏறிப் பெண் கேட்கப் போனதாக அளந்துவிட்டேன். ரசித்துக் கேட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார்.

படம் முடிந்ததும் வாசலில் நின்று மனைவிக்கு போன் போட்டார். "படம் பிரமாதம்! நாளைக்கு உன்னையும் கூட்டியாறேன்."

எனக்குப் பதறிவிட்டது. "அண்ணே, படத்துல யானையே இல்லண்ணே. நானாச் சொன்னது."

"அதுக்கென்ன, நல்லாத்தான சொல்றீக? நாளைக்கும் வந்து எங்க பக்கத்துல உக்காந்துருங்க."

கேலியா, நிஜமாகவே கூப்பிட்டாரா என்று இன்றுவரை தெரியவில்லை. மறுநாள் அந்தத் தெருப் பக்கமே நான் போகவில்லை.