பஸ்ஸில் நின்று பேசிய பேச்சு

போன வாரம் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே கொய்யாப்பழ வாசனை மூக்கில் ஏறியது. நாலாகக் கீறி உள்ளே உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருவார்களே, அந்தக் கொய்யா. வயிற்றுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாங்கிவிட்டேன். முதல் கடியிலேயே கண்ணில் தண்ணீர். பாதி காரத்தால், மீதி மேகலாவால்.

மேகலா பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். ஏனாத்தூரில் உள்ள பல்கலைக்கழகத்தில் என்னோடு எம்.காம். படித்தாள். கண்டக்டரிலிருந்து கேன்டீன் மாஸ்டர்வரை அவளுக்கு எல்லோரும் சிநேகிதம். நானோ கூரம் கிராமத்திலிருந்து வந்த ஊமைக்கோட்டான். பெயர் கூப்பிட்டால் ‘பிரசென்ட்’ என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். வகுப்பிலேயே உட்கார்ந்துகொண்டு ஆப்சென்ட் வாங்கிய பெருமை எனக்கு உண்டு.

இப்படிப்பட்டவளான எனக்குத்தான் செமினார் வந்தது. வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, எழுந்து நின்று இங்கிலீஷில் பேச வேண்டும். பேசாவிட்டால் அந்தப் பாடம் போச்சு. படிப்பை விட்டுவிட்டு ஏதாவது பட்டுக்கடையில் பில் போடப் போய்விடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். பஸ்ஸில் மேகலாவிடம் சொன்னபோது அவள் அதிரவில்லை.

“பாவுல இழ அறுந்தா தறிய வுட்டுட்டா ஓடறோம்? பிணைச்சு வுட்டுட்டு மேல நெய்யறதில்ல?”

“உனக்கு ஈஸிமா. எனக்கே காலு ஆடிக்கினு இருக்குது,” என்றான் சார்லஸ். எங்கள் வகுப்புதான், லாரி மெக்கானிக்கின் மகன். ஆறடி உயரத்தில் இருந்துகொண்டு அவனும் பயப்படுகிறான் என்று கேட்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

மறுநாளே மேகலா சட்டம் போட்டுவிட்டாள். மேல்கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, ஒரு ஸ்டாப்பிலிருந்து அடுத்த ஸ்டாப் வரும்வரை அவரவர் செமினார் தலைப்பைப் பற்றி இங்கிலீஷில் பேச வேண்டும். தப்போ சரியோ, நிறுத்தக் கூடாது. மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. பஸ் நின்ற பிறகுதான் திட்டலாம். நிறுத்தாமல் பேசியவருக்கு, பஸ் ஸ்டாண்டில் வாங்கும் கொய்யாவில் முதல் துண்டு. என் தலைப்பு விளம்பரம். கீரைக்கூடையோடு வந்த அக்கா ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

“இன்னாபா, யாரத் திட்டிக்கினு வருது இந்தப் பொண்ணு?”

“திட்டலக்கா, படிக்குது,” என்றான் சார்லஸ்.

“படிக்கிறதுக்கா இப்படி அழுவுது?”

உண்மையில் அழுதுகொண்டுதான் பேசினேன். ஆனால் மெல்ல மெல்ல அழுகை குறைந்து கொய்யா கிடைக்க ஆரம்பித்தது. சில நாள் கண்டக்டரே விசில் கொடுப்பதற்கு முன்னால், நான் தயாரா என்று திரும்பிப் பார்ப்பார்.

செமினார் நாளில்தான் புதுச் சிக்கல். எனக்கு எஞ்சின் சத்தத்தில் பேசித்தான் பழக்கம். அந்த ஹாலில் மின்விசிறி சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. என் குரலைக் கேட்டு நானே பயந்துபோனேன். முதல் வாக்கியத்தோடு வாய் கட்டிக்கொண்டது. வலது கை மட்டும் தன்பாட்டில் மேலே போய்க் கம்பியைத் தேடியது.

கடைசி பெஞ்சில் மேகலாவும் சார்லஸும் அதைப் பார்த்துவிட்டார்கள். இரண்டு பேரும் மேடு பள்ளத்தில் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதுபோல் இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பித்தார்கள். பிறகு மேகலா, கண்டக்டர் குரலிலேயே, “போலாம் ரைட்” என்றாள்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்த வாயோடு ஆரம்பித்துவிட்டேன். ஏதேதோ இடங்களில் இழை அறுந்தது, முடிச்சுப் போட்டுக்கொண்டு போனேன்.

முடிந்ததும் பேராசிரியர் கேட்டார்: “பேச்செல்லாம் சரிம்மா, கையை ஏன் கடைசிவரைக்கும் தூக்கியே வச்சிருந்த?”

“பஸ்ஸு இன்னும் நிக்கல சார்,” என்றான் சார்லஸ். அவன் முறை வந்தபோது நானும் மேகலாவும் ஆடினோம்.

இப்போது மேகலா கோயம்புத்தூரில், சார்லஸ் துபாயில். வாட்ஸப் குழுவில் பிறந்தநாள் கேக் மட்டும் வந்து போகிறது. நான் பேசிப் பிழைக்கிறேன் என்றால் நம்புவீர்களா? கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் காஞ்சிபுரத்துக்குப் போனதும் அதற்குத்தான். நடுவில் ஓரிடத்தில் நன்றாக உளறிவிட்டேன். பேசி முடித்ததும், யாராவது அதைச் சொல்லித் திட்டுவார்கள் என்று மைக் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். எல்லோரும் கைகொடுத்து, ரொம்ப நன்றாக இருந்தது மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.