லயத்துக்கு வந்த தீவு

என் கணவர் மாலைதீவில் ஒரு கடற்கரை ஹோட்டலில் அறைகளை அலங்கரிக்கும் வேலையில் இருந்தார். துவாலையை மடித்து அன்னப்பறவை செய்வார். வெள்ளை விரிப்பின்மேல் பூவிதழால் இருதயம் வரைவார். நோர்வூட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், இருந்தவரைக்கும் தான் கட்டும் சாரத்தைக் கூட மடித்து வைக்காத மனுஷன்! வாட்ஸ்அப்பில் அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பற்றிக்கொண்டு வரும்.

போன லீவில் வந்தபோது புகை படிந்த எங்கள் சுவரைப் பார்த்து, "அங்கல்லாம் பளிச்சுன்னு இருக்கும்" என்று ஒரு வார்த்தை சொன்னார். ஒரே ஒரு வார்த்தைதான். அது எனக்குள் இரண்டு வருஷம் கிடந்து குடைந்தது. இந்த முறை வருவதற்கு முன் போனில் இன்னொன்றும் சொன்னார். திரும்ப இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டித்துத் தருகிறார்களாம். பேப்பரைக் கையோடு கொண்டு வருகிறாராம். லீவு முடிவதற்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம்.

"நீ என்ன சொல்ற?" என்று கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்றேன். அப்படித்தானே சொல்வோம்? மனசுக்குள் இருந்தது வேறு. இந்த மனுஷன் இனிமேல் போகக் கூடாது. வாயைத் திறந்து கேட்க ரோஷம் விடவில்லை. பளிச்சென்று இருப்பதுதானே வேண்டும், அந்தத் தீவையே இங்கே இறக்கிக் காட்டுகிறேன், அப்புறம் எப்படிப் போகிறார் பார்ப்போம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நான் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். கிரேப் பேப்பரும் பசையும் கையில் இருந்தால் எதையும் எதுவாகவும் மாற்றிவிடலாம் என்ற திமிர் எனக்கு எப்போதுமே உண்டு. ஒரு மாதம் முன்பே வேலையை ஆரம்பித்தேன். உள் காம்பராவின் சுவருக்குக் கடல் நீலச் சுண்ணாம்பு அடித்தேன். சிரட்டைகளைத் தேய்த்து, ஓட்டை போட்டு, பல்புகளுக்கு மூடியாக்கினேன். சுவரில் ஓலைப்பாய். பிள்ளைகள் எண்ணிப் பழகும் சோகிச் சிப்பிகளை முன்பள்ளியிலிருந்து இரவல் வாங்கி, கண்ணாடியைச் சுற்றி ஒட்டினேன். எல்லாம் முடித்துக் கதவைத் திறந்து பார்த்தால், உள்ளே கடல், வெளியே பனிமூட்டம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்த முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

உடுப்பையும் விட்டேனா? ஹட்டனுக்குப் போய்ப் பெரிய பெரிய பச்சை இலை போட்ட துணி வாங்கி, எனக்குக் கையில்லாத நீளக் கவுன், அவருக்குச் சட்டை, மிச்சத்தில் மாமியாருக்கு ஒரு பிளவுஸ் தைத்தேன். மாமியார் இன்னும் கொழுந்து பறிக்கிறவர். பிளவுஸை விரித்துப் பார்த்துவிட்டு, "இதப் போட்டுக்கிட்டு மலைக்குப் போனேன்னு வையி, கொழுந்துன்னு நெனச்சு என்னையே கிள்ளிக் கூடையில போட்டுருவாளுக" என்றார். ஆனாலும் மடித்துப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அவர் வருகிற நாளைக்கு விருந்து. அன்னாசியைக் குடைந்து அதற்குள்ளேயே சாறு, இளநீர், நெருப்பில் வாட்டிய மீன். பத்துப் பேருக்குக் கணக்குப் போட்டேன். வாசலுக்கு என்ன செய்வது என்றுதான் யோசனை. அவர் அனுப்பிய படம் ஒன்று இருந்தது. மணலில் ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் மூங்கில் கம்பு, கம்புக்குக் கம்பு மெல்லிய வெள்ளைத் துணி காற்றில் ஆடும், இடையிடையே தென்னங்குருத்து. கல்யாண ஜோடிகளுக்காக அவர் கட்டியதாம். அடடா, என்ன அழகு! ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு ஏறி வரும் பாதையில் அதை அப்படியே கட்டினால் ஆள் அசந்து போய்விடுவார்.

எங்கள் உயரத்தில் தென்னை ஏது? அவர் வருவதற்கு முதல் நாள் ஹட்டனுக்குப் போய் வெள்ளைத் துணியும் தென்னங்குருத்தும் கேட்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "எந்தத் தோட்டம்மா?" என்றார். சொன்னேன். "வயசானவங்களா?" என்றார். இதென்ன கேள்வி என்று, "இல்லல்ல, எங்க வீட்டுக்காரருக்குத்தான்" என்றேன். மனுஷன் மறு பேச்சுப் பேசவில்லை. இரண்டு குருத்து கூடுதலாக வைத்து, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் தானே தூக்கி வந்து ஏற்றிவிட்டார். ஹட்டனில் இப்படியும் ஒரு நல்ல மனுஷனா என்று வழியெல்லாம் வியந்துகொண்டே வந்தேன். நான் ஒரு மரமண்டை!

மறுநாள் காலை பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து எல்லாரும் மலைக்குப் போய்விட்டார்கள். "அவன் மத்தியானந்தானே வருவான், அரை நாள் வேலைக்குப் பேர் போட்டுட்டு வந்துர்றேன்" என்று மாமியாரும் போய்விட்டார். லயத்தில் தடுத்துச் சொல்ல ஒரு ஆள் இல்லை. நான் ஒருத்தியே கம்பு நட்டு, பாதை நெடுக வெள்ளைத் துணி கட்டி, குருத்தைத் தொங்கவிட்டேன். வாழை மரம் இல்லை, மாவிலை இல்லை, கலர் பேப்பர் இல்லை. வெறும் வெள்ளையும் ஓலையும். எங்கள் பக்கம் எந்த வீட்டுக்கு அப்படிக் கட்டுவார்கள் என்று சின்னப் பிள்ளையைக் கேட்டால் கூடச் சொல்லும். எனக்கு மட்டும் கண் முழுக்க அந்தப் படம்தான். பிறகு கவுனைப் போட்டுக்கொண்டு, காதில் ஒரு பிளாஸ்டிக் பூவைச் செருகி, குளிரில் பல் கிட்ட இஸ்தோப்புத் திண்ணையில் நின்றேன்.

எதிர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களுக்கு எங்கள் பாதை நன்றாகத் தெரியும். சாவு வீட்டு வெள்ளைத் துணியைப் பார்த்திருக்கிறார்கள். அது எந்த வீட்டுக்குப் போகிறது என்று பார்த்திருக்கிறார்கள். அந்த வீட்டு ஆம்பளை வெளிநாட்டில் இருப்பதும் எல்லாருக்கும் தெரியும். அவ்வளவுதான், மலை முழுக்க இறங்கிவிட்டது.

முதலில் பக்கத்துக் காம்பரா அக்கா ஓடி வந்தார், முதுகில் கூடையோடு. என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். இலைக் கவுன், காதில் பூ, உதட்டில் சாயம். அப்படியே நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ பாவி மகளே! ஒனக்கு இன்னும் சேதியே தெரியாதா?"

பூவைப் பிடுங்கி எறிந்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"என்ன சேதிக்கா?"

"எப்புடிம்மா சொல்லுவேன்… அந்தப் புள்ள போயிருச்சே!"

என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறார். அவர் அன்று காலை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியிருக்க வேண்டும். அந்த நாட்டு சிம் இங்கே வேலை செய்யாது, அதனால் விடிந்ததிலிருந்து பேச்சில்லை. ஆக, தோட்டத்து ஆபீசுக்கு யாரோ போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்கள், எனக்குத்தான் மறைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நான் கட்டிய துணியைப் பார்த்து அவர்கள் அழுகிறார்கள். அவர்கள் அழுவதைப் பார்த்து நான் அழுகிறேன். மாரியம்மா தாயே, அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன் அழுததில்லை. வந்தவர்களெல்லாம் சேர்ந்துகொண்டார்கள். கீழே ரோட்டோரத்தில் இரண்டு பேர் குப்பையைக் கொளுத்தித் தப்பு மேளத்தைக் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைசியாக மாமியார் வந்தார். தூரத்து மலையிலிருந்து ஓடி வந்திருக்கிறார், காலில் செருப்பில்லை. சத்தமே போடவில்லை. என் முகத்தைப் பார்த்தார், நான் அழுவதைப் பார்த்தார், பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். 

அந்த நேரத்தில்தான் ஆட்டோ வந்து நின்றது.

இறங்கினார். கையில் பெட்டி. வெள்ளைத் துணியைப் பார்த்தார், தப்பைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போய், "அம்மா!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். போனது தன் அம்மாதான் என்று நினைத்துவிட்டார். ஓடி வந்தவர் பாதையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் மேலேயே தடுக்கி விழப் பார்த்தார்.

 அப்புறம் மாமியார் எழுந்து மகன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "எங்கடா போன?" என்று இன்னொன்று. மூன்றாவது அடிக்குக் கை ஓங்கியபடியே அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"ஆமா, சேதி சொன்னது யாரு?" என்று யாரோ கேட்க, எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு துணியைப் பார்த்தார்கள். பிறகு என்னை.

"டீச்சர்… இது என்னா டீச்சர்?"

"ஐலண்ட் ஸ்டைல்" என்றேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் காம்பரா அக்கா என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. திட்டிக்கொண்டே சிரித்தார். சிரிப்பு பாதை நெடுகப் பரவியது. காய்ச்சிய தப்பை வீணாக்குவானேன் என்று கல்யாண அடி அடித்தார்கள். பத்துப் பேருக்கு வாட்டிய மீனை அறுபது பேர் பிய்த்துத் தின்றார்கள். அன்னாசி பத்தாமல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தோம். மாமியார் இலை பிளவுஸைப் போட்டுக்கொண்டு மகனின் மணிக்கட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூட விடவில்லை.

எல்லாரும் போன பிறகு உள் காம்பராவில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நீலச் சுவரையும் சிரட்டை விளக்கையும் சுற்றிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்வார் என நினைத்தேன்.

"நெஜமாவே நம்பிட்டியா?" என்றார்.

"நம்புனேன்."

"ஒரு வார்த்த, யாரு சொன்னா, எப்ப சொன்னாங்கன்னு கேக்கத் தோணலையா ஒனக்கு?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எப்புடித் தோணும்? நீங்க போனதுலேர்ந்து போன் அடிக்கிறப்பல்லாம் மொதல்ல அதானே நெனப்பு வருது! எடுத்து ஒங்க கொரலக் கேட்டாத்தான் மூச்சு வருது. எனக்கு மட்டுமில்ல. இன்னைக்கு இத்தன பேரு வந்தாங்களே, ஒருத்தராச்சும் கேட்டாங்களா? ஒங்கம்மா கேட்டாங்களா?"

 அவர் மெதுவாக, "எனக்காக இம்புட்டுப் பேரு அழுவாங்கன்னு நெனக்கல. அங்க என்னைய ரூம் நம்பரச் சொல்லித்தான் கூப்புடுவாங்க" என்றார்.

"போகாதீங்க" என்றேன். இரண்டு வருஷமாகச் சொல்ல வேண்டியிருந்த ஒரு சொல். அதற்குச் சுண்ணாம்பும் வேண்டியிருக்கவில்லை, சோகியும் வேண்டியிருக்கவில்லை.

"இத போன்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். "நீ சொல்லுவேன்னுதான் அன்னைக்கு 'நீ என்ன சொல்ற'ன்னு கேட்டேன்."